மெம்பரேன் மேல் பூச்சு இருந்தும் படிவு குறையவில்லை, ஏன்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: கடையில் வாங்கிய பாலிஈதர்சல்ஃபோன் அல்ட்ராஃபில்ட்ரேஷன் மெம்பரேனில் (நானோமீட்டர் துளைகளுள்ள பாலிமர் வடிகட்டித் தாள்) படிவு, அதாவது ஃபவுலிங், குறைய வேண்டும் என்று பாலிடோபமைன் பூசியிருக்கிறீர்கள். நீர்ச்சொட்டு பரப்போடு செய்யும் தொடுகோணம் (குறைந்தால் பரப்பு நீரை விரும்புகிறது என்று பொருள்) 65 டிகிரியிலிருந்து 38-க்கு இறங்கியது. அதே சமயம் தூய நீர் ஃப்ளக்ஸ் (குறித்த பரப்பு வழியே குறித்த நேரத்தில் பாயும் அளவு) பாதியாகிவிட்டது. ஒரே அழுத்தத்தில் பிஎஸ்ஏ (மாட்டு ரத்த ஆல்புமின்) புரதக் கரைசலை ஓட்டி, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கழுவி, மூன்று சுற்று முடித்த பிறகு ஃப்ளக்ஸ் மீட்பு, அதாவது தொடக்க ஃப்ளக்ஸில் திரும்பக் கிடைத்தது, 70 சதவீதம். பூச்சில்லாத மெம்பரேனிலும் அதே 70. "பூசிய முறை தவறா, வேறு ஏதாவது வேதியியலுக்கு மாறவா?" என்று கேட்கிறீர்கள். வேதியியலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அந்த இரண்டு 70-ஐயும் சரியாகப் படிக்க வேண்டும். அவை சமம் அல்ல. உங்கள் பூசிய மெம்பரேன் பூசாததைவிட மோசமாக நடந்துகொண்டிருக்கிறது.

கணக்கு எளிது. ஃப்ளக்ஸ் என்பது அழுத்தத்தை மொத்தத் தடையால் வகுத்தது. மொத்தத் தடை என்பது மெம்பரேனின் சொந்தத் தடையும் படிவின் தடையும் சேர்ந்தது. பூசாத மெம்பரேனின் சொந்தத் தடையை 1 என்று வையுங்கள். ஃப்ளக்ஸ் பாதியானதால் பூசியதன் தடை 2. கழுவியும் போகாத படிவு பூசாததில் 0.43 அளவு தடை தந்தால் மீட்பு 1/1.43, அதாவது 70 சதவீதம். பூசியதில் அதே 70 வர வேண்டுமென்றால் போகாத படிவின் தடை 0.86 இருந்தாக வேண்டும். இரண்டு மடங்கு. அதுவும், பாதி ஃப்ளக்ஸில் ஓடிய மெம்பரேனுக்குப் பாதியளவு புரதம்தான் வந்து சேர்ந்திருக்கும்; அப்படியிருந்தும் இந்த நிலை. எதிர்ப்பக்கமாகப் பார்த்தால், படிவைத் துளியும் குறைக்காத ஒரு பூச்சுகூட, மெம்பரேனின் சொந்தத் தடையைக் கூட்டினாலே போதும், சதவீதக் கணக்கில் நல்ல பெயர் வாங்கிவிடும். படிவின் தடை இரண்டிலும் 0.3 என்றால் பூசாதது 77, பூசியது 87 காட்டும். 'ஃபவுலிங் எதிர்ப்பு மேம்பட்டது' என்று வெளியாகும் முடிவுகளில் ஒரு பங்கு இந்தக் கணக்கின் விளைவுதான் என்பது என் உறுதியான கருத்து. அதனால் இனி சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். தடைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்.

ஃப்ளக்ஸ் ஏன் பாதியானது என்பதற்கு மர்மம் ஏதும் இல்லை. துளை வழியாகப் பாயும் நீரின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 நானோமீட்டர் விட்டமுள்ள துளையின் சுவரில் சுற்றிலும் 2 நானோமீட்டர் பூச்சு ஏறினால் விட்டம் 16 ஆகும், 0.8-இன் நான்காம் அடுக்கு 0.41. ஆக, 2 நானோமீட்டருக்கே ஃப்ளக்ஸில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. பாலிடோபமைனை முதன்முதலில் அறிமுகப்படுத்திய 2007-ஆம் ஆண்டு ஆய்வில் (மெஸ்ஸர்ஸ்மித் குழு), மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் டோபமைன், 10 மில்லிமோலார் டிரிஸ் பஃபர், பிஹெச் 8.5 என்ற செய்முறையில் 24 மணி நேரத்தில் சுமார் 50 நானோமீட்டர் வளர்ந்தது. அது உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் பொருந்தும் செய்முறை. அல்ட்ராஃபில்ட்ரேஷன் மெம்பரேனை இரவு முழுக்க அதில் ஊறப்போட்டால் துளைகள் அடைபடும். இங்கே நேரத்தை நிமிடங்களில் எண்ண வேண்டும்: 15, 30, 60 என்று மூன்று துண்டுகள் போட்டு, ஒவ்வொன்றிலும் நீர் ஊடுருவலையும் டெக்ஸ்ட்ரான் அல்லது பிஇஜி (பாலிஎத்திலீன் கிளைக்கால்) மூலக்கூறுகளை அது எவ்வளவு தடுக்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். முழுத் துண்டையும் மூழ்கடிக்காமல், சட்டத்தில் இறுக்கி மேல்பரப்பை மட்டும் கரைசலுக்குக் காட்டுவது நல்லது. திறந்த பாத்திரம் வேண்டும், ஏனென்றால் இந்த வினைக்குக் காற்றின் ஆக்சிஜன் தேவை. மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கவும் வேண்டும். ஆட்டாவிட்டால் கரைசலில் உருவாகும் கருந்துகள்கள் பரப்பில் உட்கார்ந்து, பரப்பு சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பிலேயே புரதம் தங்கும்.

அடுத்தது, பாலிடோபமைன் ஏன் புரதத்தைத் தள்ளவில்லை. புரதம் ஒட்டாத பரப்புக்கு என்னென்ன வேண்டும் என்பதை ஒயிட்சைட்ஸ் குழு 2001-இல் தங்கத்தின் மேல் ஒற்றை மூலக்கூறு அடுக்குகள் போட்டு ஒழுங்காகத் தொகுத்தது: நீரை விரும்ப வேண்டும், ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்கும் தொகுதிகள் இருக்க வேண்டும், ஹைட்ரஜனைத் தரும் தொகுதிகள் இருக்கக் கூடாது, மொத்த மின்சுமை பூஜ்யமாக இருக்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. பாலிடோபமைனில் கேட்டகால் ஹைட்ராக்சிலும் அமீனும் நிறைய. இரண்டுமே ஹைட்ரஜனைத் தருபவை. போதாக்குறைக்கு அதன் குவினோன் தொகுதிகள் புரதத்தின் அமீன், தயால் (கந்தகம்-ஹைட்ரஜன்) தொகுதிகளோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்ளும். அதாவது அது இயல்பிலேயே பசை. நீரை விரும்பும் பரப்பு எல்லாம் புரதத்தைத் தள்ளும் பரப்பு ஆகிவிடாது. தொடுகோணம் 38-க்கு வந்ததை வைத்து அதிகம் நம்பிக்கை கொள்ள வேண்டாம். உலர்ந்த நுண்துளைப் பரப்பில் சொட்டு வைத்து அளக்கும் கோணத்தில் சொரசொரப்பும், சொட்டு உள்ளே உறிஞ்சப்படுவதும் கலந்தே வரும். ஈரமான மெம்பரேனைத் தலைகீழாக நீரில் வைத்து, அடியில் காற்றுக் குமிழை ஒட்டி அளக்கும் முறை இதைவிட நேர்மையானது.

உங்கள் கழுவும் கரைசலையும் கவனியுங்கள். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடின் பிஹெச் 13. அந்தக் காரத்தில் பாலிடோபமைன் கரைந்து பிரியும். முதல் சுற்றில் கழுவிய நீரை ஒரு வெள்ளைப் பீக்கரில் பிடித்துப் பாருங்கள். தேநீர் நிறம் இறங்கியிருந்தால் பூச்சு போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியானால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: பூச்சு கரைந்து துளை திறந்தால் ஃப்ளக்ஸ் ஏறும், அதைப் படிவு நீங்கியதாக நாம் வாசித்துவிடுவோம். புரதமே இல்லாமல், பூசிய துண்டு ஒன்றை வெறும் காரத்தில் மூன்று முறை கழுவி ஃப்ளக்ஸ் அளப்பது இதற்கான கட்டுப்பாட்டுச் சோதனை. இதைச் செய்யாமல் வேறு எதையும் முடிவு செய்ய முடியாது. சோடியம் ஹைப்போகுளோரைட்டும் பாலிடோபமைனைத் தின்றுவிடும். டோபமைனோடு தாமிர சல்ஃபேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துப் படியவைத்தால் அடுக்கு வேகமாகவும் சீராகவும் வருகிறது, காரத்தை ஓரளவு கூடுதலாகத் தாங்குகிறது. ஆலையில் வாரந்தோறும் நடக்கும் கழுவலை ஆண்டுக்கணக்கில் தாங்குமா என்பது வேறு கேள்வி.

ஆகவே பாலிடோபமைனை அடிப்பூச்சாக மட்டும் கருதுங்கள். அதன் மேல் வருவதுதான் வேலை செய்ய வேண்டிய அடுக்கு. இரண்டு குடும்பங்கள் நன்றாக நிரூபணமானவை: பாலிஎத்திலீன் கிளைக்கால், சுவிட்டர் அயனிப் பாலிமர்கள். முதலாவதை ஒட்டுவது சுலபம். அமீன் முனையுள்ள பிஇஜி-யை டிரிஸ் பஃபரில் கரைத்து, 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் அடிப்பூச்சின் குவினோனோடு பிணையும். குறை என்னவென்றால், பிஇஜி சங்கிலி ஆக்சிஜனேற்றத்தில் மெல்ல அறுபடும். நீண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் அடர்த்தியாக நடவும் முடியாது. சுவிட்டர் அயனிகள், குறிப்பாக சல்ஃபோபீட்டேன், நேர், எதிர் இரண்டு மின்சுமைகளையும் ஒரே கிளையில் வைத்துக்கொண்டு நீர் மூலக்கூறுகளை மின்விசையால் இறுக்கிப் பிடிக்கும். புரதம் பரப்பைத் தொட வேண்டுமென்றால் அந்த நீரை முதலில் விலக்க வேண்டும். அதற்குச் செலவாகும் ஆற்றல்தான் பாதுகாப்பு. கார்பாக்சிபீட்டேனும் நல்லதே, ஆனால் அமில பிஹெச்சில் கார்பாக்சில் புரோட்டானை வாங்கி நடுநிலை இழந்து, பரப்பு நேர்மின்சுமை பெற்றுவிடும். ஒரு எச்சரிக்கை: அமீன் பரப்பை சல்ஃபோபீட்டேனாக மாற்ற 1,3-புரோப்பேன் சல்ட்டோனைப் பயன்படுத்தும் செய்முறைகள் நிறைய உண்டு. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஏற்கெனவே சல்ஃபோபீட்டேன் உள்ள மோனோமரை வாங்கிப் பயன்படுத்துங்கள். வாங்கும்போது மெத்தக்ரிலேட் வகையைவிட மெத்தக்ரிலமைடு வகையைத் தேர்வு செய்யுங்கள்; முன்னதன் எஸ்டர் பிணைப்பு நீங்கள் கழுவும் காரத்திலேயே மெல்ல உடையும், அமைடு அதைவிட நன்றாகத் தாங்கும்.

உங்களிடம் இருப்பது பாலிஈதர்சல்ஃபோன் என்பதால் அடிப்பூச்சே இல்லாத ஒரு வழியும் உண்டு, நான் பரிந்துரைப்பது அதைத்தான். இந்தப் பாலிமர் புற ஊதாவைத் தானே உறிஞ்சித் தனியுறுப்புகளை (மோனோமரைப் பிடித்துச் சங்கிலி வளர்க்கும் வினைத்துடிப்புள்ள முனைகள்) உண்டாக்கும். தனியாக ஒளித்தூண்டி வேண்டாம். ரென்ஸலியர் பாலிடெக்னிக்கில் பெல்ஃபோர்ட் குழு 1990-களிலேயே இதை விரிவாகச் செய்துகாட்டியது. தனியுறுப்பு உண்டாவதே முதன்மைச் சங்கிலி அறுவதால்தான், ஆகையால் 254 நானோமீட்டர் விளக்கு துளைகளைப் பெரிதாக்கிவிடும்; 300 நானோமீட்டர் விளக்கு, அல்லது குறுகிய அலைகளை வெட்டும் வடிகட்டி வையுங்கள். முதலில் மெம்பரேனைத் தயார் செய்ய வேண்டும். விற்பனைக்கு வரும் தாள்களில் துளை சுருங்காமலிருக்க கிளிசரின் ஏற்றியிருப்பார்கள். அதை 25 சதவீத எத்தனாலிலோ ஐசோபுரோப்பனாலிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு நீரை மாற்றி மாற்றி அலசி எடுங்கள். விட்டுவிட்டால் பூச்சு திட்டுத்திட்டாக வரும், பூசாத மெம்பரேனின் தொடுகோணமும் பொய்யாகக் குறைந்து காட்டும். அதன் பின் மெம்பரேனை எந்தக் கட்டத்திலும் உலர விடாதீர்கள். மோனோமரை 0.1 முதல் 0.5 மோலார் வரை நீரில் கரைத்து, அரை மணி நேரம் ஊறவைத்து, 20 நிமிடம் நைட்ரஜன் குமிழிட்டு ஆக்சிஜனை விரட்டுங்கள். ஆக்சிஜன் இருந்தால் வினை தொடங்கத் தாமதமாகும், துண்டுக்குத் துண்டு முடிவு மாறும். பிறகு 1, 2, 4, 8 நிமிடம் என்று ஒளி காட்டுங்கள்.

வினைக்குப் பின் அலசுவதை வெறும் நீரில் செய்யாதீர்கள். பாலிசல்ஃபோபீட்டேன் தூய நீரில் தனக்குள்ளேயே மின்சுமைகளால் பின்னிச் சுருண்டுகொள்ளும், உப்பு நீரில்தான் விரியும், கரையும். பிணையாமல் சும்மா ஒட்டிக்கிடக்கும் பாலிமரை அகற்ற 0.5 மோலார் சோடியம் குளோரைடில், 40 டிகிரி சூட்டில், இரவு முழுக்க ஆட்டி அலசுங்கள். இதே குணத்தால் உங்கள் மெம்பரேனின் ஃப்ளக்ஸ் தூய நீரில் ஒன்றாகவும் பஃபரில் வேறாகவும் வரும். அதைப் படிவு என்று எண்ணிவிடாமல், புரதம் இல்லாத பஃபரிலேயே அடிப்படை ஃப்ளக்ஸை எடுங்கள்.

ஒளி காட்டிய நேரத்துக்கு எதிராக ஊடுருவலையும் தடுப்பையும் ஒரே தாளில் வரைந்தால் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். ஊடுருவல் ஏறித் தடுப்பு இறங்கினால் சங்கிலி அறுபடுவது முந்துகிறது. ஊடுருவல் இறங்கித் தடுப்பு ஏறினால் கிளைகள் துளைக்குள் நிரம்புகின்றன. இரண்டுக்கும் நடுவே ஊடுருவலில் கால் பங்குக்கு மேல் இழக்காத ஒரு புள்ளியைத் தேடுங்கள். பூச்சு இருக்கிறதா என்பதைச் சரிபார்க்க அகச்சிவப்பு ஏடிஆர் (பரப்பை ஒட்டி எடுக்கும் அகச்சிவப்பு நிறமாலை) மட்டும் போதாது. அதன் கதிர் மைக்ரோமீட்டர் கணக்கில் உள்ளே போகும், சில நானோமீட்டர் அடுக்கு அதில் அமுங்கிவிடும். எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிரால் மேல் சில நானோமீட்டரின் தனிமங்களைக் காட்டும் நிறமாலை) எடுங்கள். அங்கே கந்தகத்தை நம்ப வேண்டாம்: பாலிஈதர்சல்ஃபோனின் சல்ஃபோனும் சல்ஃபோபீட்டேனின் சல்ஃபோனேட்டும் இரண்டுமே 168 எலக்ட்ரான் வோல்ட் அருகில் விழும், பிரித்தறிவது கடினம். நைட்ரஜனைப் பாருங்கள். நேர்மின்சுமையுள்ள நாற்கிளை நைட்ரஜன் 402-இல் நிற்கும். டோபமைனின் அமீன், அல்லது தாளிலேயே கலந்திருக்கும், நீரை விரும்பும் பிவிபி பாலிமரின் அமைடு நைட்ரஜன் 400-ஐ ஒட்டி வரும். மெத்தக்ரிலமைடு வகையில் இரண்டும் ஏறத்தாழ சம அளவில் தெரிய வேண்டும்.

நீங்களே மெம்பரேனை வார்ப்பவராக இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கரைசலிலேயே கலந்துவிடுவது மேல். எம்ஐடி-யில் மேய்ஸ் குழு பிவிடிஎஃப் என்ற ஃப்ளூரின் பாலிமரில் காட்டிய வழி அது: முதுகெலும்பு பிவிடிஎஃப், கிளைகள் பிஇஜி வகை என்றமைந்த சீப்புப் பாலிமரைச் சில சதவீதம் கலந்து, நீர்த்தொட்டியில் உறையவைக்கும்போது, நீரை விரும்பும் கிளைகள் தாமாகவே பரப்புக்கும் துளைச் சுவருக்கும் நகர்ந்துவிடும். முதுகெலும்பு அடிப்பொருளில் மாட்டிக்கொள்வதால் கழுவினாலும் போகாது. மேல்பூச்சு எட்டாத உள்சுவருக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது, உற்பத்தியில் கூடுதல் படியும் இல்லை. ஆலைகளில் பரவலாக இருக்கும் பிவிபி கலவை இதன் மலிவான தம்பி. ஆனால் அதில் பிவிபி வெறுமனே பின்னிக்கிடக்கிறது; ஹைப்போகுளோரைட் கழுவல்கள் அதை அறுத்து வெளியேற்றும், ஊடுருவல் ஏறும், கூடவே படிவும் ஏறும். பழைய மாட்யூல்கள் புதியவற்றைவிடச் சீக்கிரம் அடைபடுவதற்கு இது ஒரு காரணம். சல்ஃபோபீட்டேன் கோபாலிமரை வார்ப்புக் கரைசலில் கலக்க விரும்பினால் கரைப்பான் சிக்கல் வரும். என்எம்பி, டிஎம்எஃப் போன்றவற்றில் அது எளிதில் கரையாது. டஃப்ட்ஸில் அசட்டெக்கின் குழு இத்தகைய கோபாலிமரைத் தாங்கு மெம்பரேனின் மேல் படலமாகப் பூச டிரைஃப்ளூரோஎத்தனாலைப் பயன்படுத்தியிருக்கிறது. விலை கூடுதல்.

இதுவரை சொன்னது புரதம் பற்றியது. சில மணி நேரச் சோதனையில் இவை நிற்கும் என்பதில் சந்தேகமில்லை. சந்தேகம் தொடங்குவது அதற்கு அப்பால். பரப்பின் வேதியியல் முதல் அடுக்குப் படிவை மட்டும்தான் நேரடியாகக் கட்டுப்படுத்தும். ஃப்ளக்ஸ் ஒரு வரம்பைத் தாண்டினால், வந்து சேரும் பொருள் மேலே குவிந்து அடையாகிவிடும். அதன் பின் படிவு படிவின் மேல் விழுகிறது, அடியில் உள்ள பரப்பு எதுவானாலும் பெரிய வேறுபாடு இல்லை. இந்த வரம்பைத்தான் ஃபீல்டும் சகாக்களும் 1995-இல் வரம்பு ஃப்ளக்ஸ் என்று வரையறுத்தார்கள். நல்ல பூச்சு தரும் உண்மையான ஆதாயம் இரண்டு: அந்த வரம்பைக் கொஞ்சம் உயர்த்துவது, அடை உருவானாலும் சுலபமாகக் கழுவி வர வைப்பது. படிவே வராத மெம்பரேன் என்று யாராவது சொன்னால், எந்த ஃப்ளக்ஸில், எத்தனை நாள் என்று கேளுங்கள்.

உங்கள் கேள்வியில் இறுதியில் எந்த நீரில் இதைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று இல்லை. அது பதிலை மாற்றும். கால்சியம் உள்ள நீரில் ஹியூமிக் அமிலம், ஆல்ஜினேட் போன்ற இயற்கைக் கரிமப் பொருள்கள் கார்பாக்சில் உள்ள பரப்போடு கால்சியம் வழியாகப் பாலம் போட்டுக்கொள்ளும். அக்ரிலிக் அமிலம் ஒட்டிய மெம்பரேன் பிஎஸ்ஏ-வில் அருமையாக ஓடி, ஆற்று நீரில் தோற்பது இதனால்தான். திருப்பூர் போன்ற இடங்களின் சாயக் கழிவுநீர் என்றால் சாயத்தை நிலைநிறுத்தப் போடும் நேர்மின்சுமைப் பாலிமர்கள் தப்பி வந்து, எதிர்மின்சுமையுள்ள ஆர்ஓ பாலிஅமைடில் அப்பிக்கொள்ளும். அங்கே பரப்பை நடுநிலையாக்குவதைவிட முன்சுத்திகரிப்பில் அவற்றைப் பிடிப்பதே மலிவு. உயிர்ப்படலத்தைப் பொறுத்தவரை நான் மிகுந்த எச்சரிக்கையோடு இருப்பேன். பாக்டீரியா தானே பசையைச் சுரந்து, முதலில் படியும் கரிமப் படலத்தின் மேல் குடியேறுகிறது. வெள்ளித் துகள் கொல்லும், ஆனால் கரைந்து தீரும், செத்த செல்களும் அங்கேயே படிவாகக் கிடக்கும். சுருள் ஆர்ஓ மாட்யூலில், தாள்களுக்கு இடையே நீர் ஓட வைக்கும் வலையின் இடுக்குகளில்தான் உயிர்ப்படலம் முதலில் பிடிக்கிறது என்று விரூவன்வெல்டர் குழு 2009-இல் காட்டியது. மெம்பரேனை மட்டும் மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

ஆகவே அடுத்த சோதனையை இப்படி அமையுங்கள். எல்லாத் துண்டுகளையும் சோதனை அழுத்தத்தைப் போல 1.5 மடங்கு அழுத்தத்தில், ஃப்ளக்ஸ் நிலையாகும் வரை தூய நீரில் இறுக்கிக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக்கு இரண்டு பூசாத மெம்பரேன்கள் வையுங்கள்: ஒன்று அதே தாள், மற்றொன்று பூசியதற்குச் சமமான ஊடுருவல் கொண்ட, இன்னும் சிறிய துளையுள்ள தாள். அழுத்தத்தைச் சமமாக்காமல் தொடக்க ஃப்ளக்ஸைச் சமமாக்குங்கள். முடிந்தால் ஃப்ளக்ஸை மாறாமல் வைத்து, அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள், ஏனென்றால் ஆலைகள் அப்படித்தான் ஓடுகின்றன. பிஎஸ்ஏ லிட்டருக்கு 1 கிராம், பிஹெச் 7.4 என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த பிஹெச்சில் பிஎஸ்ஏ எதிர்மின்சுமை கொண்டது, எதிர்மின்சுமைப் பரப்பு எதுவும் அதைத் தள்ளிக் காட்டும். நேர்மின்சுமையுள்ள லைசோசைமை இன்னொரு துண்டில் ஓட்டுங்கள், 1 மில்லிமோலார் கால்சியத்தோடு ஆல்ஜினேட்டை மூன்றாவதில் ஓட்டுங்கள். மூன்றிலும் கழுவிய பின் மிஞ்சும் தடை பூசாததைவிடக் குறைவாக இருந்தால் பூச்சு வேலை செய்கிறது. ஒன்றில் மட்டும் குறைந்தால் அது மின்சுமையின் விளைவு, உங்கள் நீரின் மின்சுமை என்ன என்பதைப் பொறுத்து அதை வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானியுங்கள். கழுவுவதற்குக் காரத்தை பிஹெச் 11 வரை இறக்கிப் பாருங்கள். அதிலேயே படிவு கழன்று வந்தால் பூச்சும் பிழைக்கும். இந்தச் சோதனைகளின் அழுத்த, ஃப்ளக்ஸ் எண்களை இங்கே போட்டால் தடைகளைப் பிரித்துப் பார்க்கலாம்.